உப்புப்பள்ளம்தான் நல்ல துறை

அந்த மேப்பை மடிச்சு வைங்க சார். இந்த பெஞ்சுல போண்டா எண்ணெய் ஊறிப் போயிருக்கு, காகிதத்துல ஏறிடும். மேப் எதுக்கு? நான் இருக்கேன்ல. ஒரு டீ சொல்லுங்க, எனக்குச் சக்கரை கம்மி.

காட்டுக்குள்ள நாலு நாள் ஆத்தோட போகணும், படகை எங்க இறக்கறதுன்னுதானே கேக்கறீங்க? நல்ல கேள்வி. வர்றவங்க எல்லாம் எங்க போய்ச் சேரும், எத்தனை மணிக்குச் சேரும்னுதான் கேப்பாங்க. எங்க இறக்கறதுன்னு கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். இல்ல, ஒரு பொண்ணு கேட்டா. எஸ்தர்னு பேரு. அதைச் சொல்லத்தான் போறேன்.

மூணு துறை இருக்கு சார். கீழ பாலத்துத்துறை. தார் ரோடு, பஸ்ஸு, சோடாக் கடை எல்லாம் உண்டு. ஆனா அங்க இறக்கினா நீங்க பாக்க வந்த காடு முடிஞ்சு போச்சு. நடுவுல புளியந்துறை. செக்போஸ்ட்டுல இருந்து ஜீப்பு போகும், இருபது நிமிஷம். மேல உப்புப்பள்ளம். அதுக்கு வண்டித்தடம் கெடையாது. செக்போஸ்ட்டுல இருந்து ஒம்போது கிலோமீட்டர் நடை. பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டுத்தான் போய்ச் சேரணும்.

நீங்க புளியந்துறையைச் செவப்பு மையில வட்டம் போட்டிருக்கீங்க. மடிக்கறப்பப் பாத்தேன். யார் சொன்னது? இந்த டீக்கடைக்காரனா? எல்லப்பனைப் போய்ப் பாருங்கன்னு சொல்லியிருப்பானே? சொல்லுவான். ஊரே அதத்தான் சொல்லுது. எல்லப்பன் என் தம்பிதான். கூடப் பொறந்தவன். பேசிப் பதிமூணு வருஷம் ஆச்சு.

புளியந்துறையில ஒரு வழக்கம் இருக்கு. இங்க ஆத்துல துறைக்காரன் இருக்கற எல்லாத் துறைக்கும் உண்டு. அடுத்தவன் துறையில நம்ம பரிசலை இறக்கணும்னாலும் சரி, கரையேத்தணும்னாலும் சரி, நம்ம துடுப்பை அவன் கையில குடுக்கணும். அவன் வாங்கி, தண்ணியில ஒரு தரம் நனைச்சுத் திருப்பிக் குடுப்பான். அதுக்கப்புறம்தான் நம்ம பரிசல் அங்க தண்ணியைத் தொடலாம். துறை அவனுதுன்னு நாம ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். ஆனா புளியந்துறை, ஒத்துக்கற அளவுக்கு எல்லப்பனுது இல்ல சார். அது எங்க அப்பன் துறை. நான் மூத்தவன்.

அப்பன் சாகக் கெடந்தப்ப துடுப்பைக் கையில எடுத்து நீட்டினாரு. நான் வெளியில பரிசலைக் கட்டிக்கிட்டு இருந்தேன், வெள்ளம் வர்ற மாதிரி இருந்துச்சு. உள்ள நின்னவன் அவன். வாங்கிக்கிட்டான், துறையும் அவனுதாப் போச்சு. அப்பனுக்குக் கடைசி ஒரு மாசமாக் கண்ணு தெரியாது. கை நீட்டினாரு, பக்கத்துல நின்னவன் வாங்கிட்டான், அவ்வளவுதான் விஷயம். 'எல்லப்பா, இந்தா'ன்னு பேரு சொல்லிக் குடுத்தாருன்னு என் சம்சாரம் சொல்றா. அவளும் உள்ளதான் நின்னா. அவளுக்கு என்ன கேட்டுச்சோ.

அதை விடுங்க. எஸ்தரு கதைக்கு வர்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, பங்குனி மாசம். நீர்நாய் கணக்கெடுக்கறதுக்குன்னு நாலு பேர் வந்தாங்க. எஸ்தருதான் அதுக்குத் தலைவி. முப்பது வயசு இருக்கும், வெயில்ல கறுத்துப்போன பொண்ணு, வெடுக்குன்னு பேசும். மேல இருந்து கீழ வரைக்கும் ஆத்துல போய் எண்ணணும். உங்களை மாதிரியேதான் மேப்பை விரிச்சா. உங்களை மாதிரியேதான் புளியந்துறையைக் காட்டினா. நான் சொன்னேன், அங்க மணல் மேடு தட்டிப்போச்சும்மா, ஆள் நடமாட்டம், நீர்நாய் ஏது? உப்புப்பள்ளத்துல இறக்குவோம், அங்கதான் ஆழமான மடுவு, கூட்டங்கூட்டமாக் கெடக்கும்னேன். அவ என் மொகத்தையே பாத்தா. நீங்க சொன்னாச் சரிங்கண்ணான்னா.

மணல் மேடு தட்டினது நெசம்தான். கொஞ்சம். அதனால நான் பொய் சொல்லல.

என்கூடப் பரிசலுக்கு மாதையன். என் சம்சாரம் கெம்பம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். இருபது வருஷம் ஒரே பரிசல்ல ஆளுக்கு ஒரு பக்கம் துடுப்பு போட்டிருக்கோம். நல்ல மனுஷன் சார். கோவமே வராது. வாயைத் தொறந்தா கிண்டல்தான். செக்போஸ்ட்டுல பரிசலை எறக்கி வச்சுட்டு என்னத் தனியாக் கூட்டிட்டுப் போனான்.

"மாப்ளே, புளியந்துறையிலயே இறக்கிடலாம். ஜீப்பு நிக்குது. துடுப்பைக் குடுத்து வாங்க அரை நிமிஷம் ஆகுமா?"

"ஆகாது. ஆனா நான் குடுக்கமாட்டேன்."

"நீ குடுக்க வேணாம். நான் குடுக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

"பரிசல் யாருது மச்சான்? துடுப்பு யாருது?"

சிரிச்சான். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினான். "சரி மாப்ளே, உன் பிடிவாதம் எத்தனை கிலோன்னு இன்னைக்குத் தூக்கிப் பாத்துடறேன்"ன்னான். குனிஞ்சு, பரிசலைக் கவுத்துத் தலையில ஏத்திக்கிட்டான்.

நீங்க பரிசல் தூக்கினதில்லையே? உங்க படகு நீளமா, ரெண்டு பக்கமும் கூரா இருக்கும்னு சொன்னீங்க. அதையும் கவுத்துத்தானே தலைமேல தூக்குவீங்க? அப்ப ரெண்டும் ஒண்ணுதான். கவுத்துட்டா உள்ள இருக்கறவனுக்கு அவன் காலும், காலுக்கு முன்னாடி ரெண்டு முழம் மண்ணும்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. காதும் அடைச்சுப்போகும், அவன் மூச்சே அவனுக்குப் பெருசாக் கேக்கும். அதனால முன்னாடி ஒரு ஆள் குச்சியோட நடக்கணும். அப்பப்ப பரிசல் விளிம்புல தட்டணும். ஒரு தட்டு தட்டினா நடன்னு அர்த்தம். ரெண்டு தட்டு நில்லு. விடாமத் தட்டினா, போட்டுட்டு ஓடு. எங்க பசங்க நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி இதக் கத்துக்குவாங்க. முன்னாடி போற ஆள்தான் கண்ணு. அன்னைக்கு நான்தான் கண்ணு.

பாதி வழி அவன், பாதி வழி நான்னு பேச்சு. பாதியில மாத்திக்கலாம்னு அவன் கேக்கல. கேட்டான், கேக்காம இல்ல. 'மாப்ளே, கழுத்து எரியுது'ன்னு உள்ள இருந்து சொன்னான். இன்னும் கொஞ்ச தூரம்தானே மச்சான்னு சொன்னேன். எனக்கு முன்னாடி நடக்க வேண்டிய வேலை இருந்துச்சு.

எஸ்தரும் மத்தவங்களும் காட்டு இலாகா வாட்சரோட பின்னாடி வந்தாங்க. ஒருத்தனுக்குக் குதிகால்ல கொப்பளம், உக்காந்து உக்காந்து வந்தான். அதனால அவங்க ரொம்பப் பின்தங்கிட்டாங்க. இதை எழுதி வச்சுக்கங்க சார், கணக்குப் பாத்தா தப்பு அங்க ஆரம்பிக்குது. வாட்சர் முன்னாடி வந்திருக்கணும். வரல.

உப்புப்பள்ளம்னு பேரு எதுக்குன்னு கேக்கறீங்க. மண்ணுல உப்பு. ஆனை வந்து மண்ணைத் திங்கும். ஆனா அது சாயங்காலம் சார். நாங்க போனது காலையில. பதினொரு மணிக்கு ஆனை வரும்னு யாருக்குத் தெரியும்?

துறைக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வழுக்குப்பாறை இருக்கு. ஆறு அங்க மலையைச் சுத்தி வளைஞ்சு போகுது. ஆத்துல போனா உப்புப்பள்ளத்துல இருந்து புளியந்துறைக்கு ஒண்ணரை மணி நேரம். ஆனா அந்தப் பாறை மேல ஏறி நின்னு பாத்தா புளியந்துறை நேரா கீழ தெரியும். நடுவுல செங்குத்தாப் பள்ளம், இறங்க முடியாது, பாக்கத்தான் முடியும்.

நான் முன்னாடியேதான் நடந்துக்கிட்டு இருந்தேன். மாதையனை விட்டு ஒரு அடி நகரல. விசாரணையிலயும் இதத்தான் சொன்னேன்.

சரி, அந்தப் பாறை மேல ஏறினேன். ஒரு நிமிஷம். வழியில ஆனை இருக்கான்னு பாக்கத்தான் ஏறினேன், உயரத்துல இருந்து நல்லாத் தெரியும்ல? கீழ பாத்தேன். எல்லப்பன் துறையில ஒரு பரிசலைக் கவுத்துப் போட்டுத் தாரு பூசிக்கிட்டு இருந்தான். எறும்பு மாதிரித் தெரிஞ்சான், ஆனா அந்தச் செவப்புத் துண்டு வச்சுச் சொல்லிடுவேன். இந்தப் பக்கம் முதுகு. ஒரு தரம் திரும்பியிருந்தான்னா பாத்திருப்பான், அவன் துறை இல்லாம நானும் ஆத்துல இறங்குவேன்னு. நின்னேன். தாரு பூசறான், பூசறான். திரும்பவே இல்ல சார்.

எவ்வளவு நேரம்னு கேட்டாங்க விசாரணையில. கையில கடிகாரமா கட்டியிருந்தேன்?

ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் ஏறினேன். நில்லுன்னு. தட்டினதா எனக்கு நெனப்பு. ஒரு தட்டு தட்டியிருந்தா அவன் நடந்திருப்பான், ரெண்டு தட்டியிருந்தா நின்னிருப்பான். அவன் நடந்திருக்கான். அப்ப நான் ரெண்டு தட்டி, அவன் காதுல ஒண்ணுதான் விழுந்திருக்கணும்.

ஆனை பிளிறல. பிளிறியிருந்தாக் கேட்டிருக்கும். மூங்கில் முறியற சத்தம்தான் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஒத்தைக் கொம்பன், தனி ஆனை. கறுப்பா, வட்டமா, கால் மொளைச்ச ஒண்ணு தன்னப் பாத்து நேரா வந்தா அது என்ன நெனைக்கும்? ஒரே முட்டு. பரிசல் சக்கரம் மாதிரி உருண்டு சரிவுல எறங்கி, மணல்ல போய் விழுந்துச்சு. உப்புப்பள்ளத்துத் துறையில, இறக்க வேண்டிய அதே இடத்துல. நான் குச்சியால பாறையில விடாமத் தட்டினேன் சார். தட்டிக்கிட்டே இருந்தேன். அவன் ஓடல. அதுக்குள்ள அவன் தரையில கெடந்தான்.

ஆனை மண்ணை மோந்து பாத்துட்டுத் தன்பாட்டுக்குப் போயிடுச்சு.

உசிரு இருந்துச்சு. இடுப்பும் நெஞ்சும் நசுங்கியிருந்துச்சு, மொகத்துல ஒரு கீறல் இல்ல. என்னப் பாத்தான். பேச்சு வரல. எஸ்தரு ஓடியாந்தா, துணியைக் கிழிச்சுக் கட்டினா, வாட்சர் வாக்கி-டாக்கியில கத்தினான். தூக்கிட்டு நடந்து போனா நாலு மணி நேரம். ஆத்துலதான் போகணும்னு நான்தான் சொன்னேன். அந்த யோசனை என்னுது. அதை யாரும் பேசறதில்ல.

பரிசல்ல ரெண்டு மூங்கில் முறிஞ்சு தண்ணி கசிஞ்சுது. நான் துடுப்பு, மாதையன் நடுவுல படுத்துக் கெடக்கான், எஸ்தரு அவன் தலையை மடியில வச்சுக்கிட்டுச் சோத்து டப்பாவால தண்ணியை எறைக்கறா. மத்தவங்க வாட்சரோட திரும்பி நடந்தாங்க. நான் துடுப்பு போட்ட மாதிரி அன்னைக்கு எவனும் போட்டிருக்கமாட்டான். ஒண்ணரை மணி நேர வழியை ஒரு மணியில வந்தேன்.

வளைவு திரும்பினதும் புளியந்துறை. ஜீப்பு தண்ணிகிட்ட வரைக்கும் வந்து நிக்குது, பின்கதவு தொறந்து கெடக்கு, உள்ள மெத்தை விரிச்சிருக்கு. வாக்கி-டாக்கியில சேதி போயிருக்கு. எல்லப்பன் இடுப்பளவு தண்ணியில நிக்கறான். கையெல்லாம் தாரு.

"அண்ணா, இங்க ஒதுக்கு! இங்க ஒதுக்கு!"ன்னு கத்தறான். பதிமூணு வருஷத்துல, இல்ல அப்பப் பதினொண்ணு, முதல் தடவையா அண்ணாங்கறான். ரெண்டு கையையும் நீட்டறான்.

எதுக்கு நீட்டறான் சார்? துடுப்புக்குத்தான். வேற எதுக்கு? பரிசலைப் பிடிச்சு இழுக்க நீட்டினாருன்னு எஸ்தரு விசாரணையில எழுதிக் குடுத்தா. அவ பட்டணத்துப் பொண்ணு, இந்தத் துறை வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? ஒருத்தன் தண்ணியில நின்னு கை நீட்டினா என்ன கேக்கறான்னு எனக்குத் தெரியாதா?

"அண்ணா, ஜீப்பு நிக்குது, ஒதுக்குங்க"ன்னு அவளும் கத்தறா. நான் யோசிச்சேன். யோசிக்காம இல்ல. அந்த ஜீப்புத் தடம் பூராக் கல்லு. இடுப்பு நசுங்கினவனைப் போட்டுக் குலுக்கினாத் தாங்குவானா? பாலத்துத்துறைக்குப் போனா தார் ரோடு, ஆம்புலன்ஸே வந்து நிக்கும். தண்ணி குலுக்காது. ரெண்டு மணி நேரம்தான்.

மாதையன் கை பரிசல் விளிம்புல கெடந்துச்சு. அவன் விரல் மூங்கில்ல பட்டுச்சு. டொக், டொக். ரெண்டு தரம். கொஞ்சம் விட்டு மறுபடியும் ரெண்டு தரம். வலியில கை நடுங்கும்ல? அதான். எஸ்தரு அதையே பாத்துக்கிட்டு இருந்தா. காலையில செக்போஸ்ட்டுல கெளம்பறப்ப அந்தத் தட்டுக் கணக்கை அவதான் நோட்டுல எழுதிக்கிட்டா, நானே சொல்லிக் குடுத்தேன்.

நடு ஆத்துக்குத் திருப்பித் துடுப்பைப் போட்டேன். எல்லப்பன் கழுத்தளவு தண்ணி வரைக்கும் வந்தான். விரல் விளிம்புல பட்டு வழுக்கிடுச்சு. தாரு கை. அந்த அடையாளம் இன்னும் பரிசல்ல இருக்கு, நாலு விரலு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன், போகல.

பாலத்துத்துறைக்கு வர்றப்ப மணி மூணு. ஆம்புலன்ஸ் நின்னுச்சு. நான் சொன்னபடியே நின்னுச்சு. எல்லப்பனும் நின்னான். அதே ஜீப்போட, அதே மெத்தையோட, எங்களுக்கு முன்னாடியே வந்து ஒரு மணி நேரமா நிக்கறானாம். பாருங்க, அதுலயும் என்ன முந்திக்கணும் அவனுக்கு.

எஸ்தரு தண்ணி எறைக்கறதை வழியிலயே நிறுத்திட்டா. கணுக்கால் வரைக்கும் தண்ணியில உக்காந்திருந்தா. ஏம்மா எறைக்கலைன்னு நான் கேட்டேன். எல்லப்பன் வந்து மாதையன் கண்ணை மூடினான்.

சார், டீ ஆறிப்போச்சு, குடிங்க.

கண்ணுல தண்ணி வந்தா என்ன, வரட்டும். எனக்கு மாதையன் வேணும் சார். தூங்கி எந்திரிச்சா எதிர்ப்பக்கம் துடுப்பு போட ஆள் இல்லைங்கறது மொத மொதல்லத் தோணும். ஆனை அடிச்சுச் செத்தான், விசாரணையில அப்படித்தான் எழுதியிருக்கு. என் பேர்ல ஒண்ணும் எழுதல. ஆனா இந்த ஊர்ல என் பரிசல்ல ஒரு கோழி ஏறமாட்டேங்குது. எஸ்தரு எழவுக்கு வந்துட்டு எங்க வீட்டுல என் சம்சாரத்தோட ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினா. என்ன பேசினாங்களோ. அன்னைக்கிருந்து கெம்பம்மா என்கூடப் பேச்சில்ல. சோறு போட்டுட்டுக் கூப்பிடமாட்டா. கரண்டியால தட்டுல தட்டுவா. டொக், டொக். ரெண்டு தரம். மூணு வேளையும் ரெண்டு தரம்தான். அவ ஏதோ கோவத்துல பண்றா, நான் பாதிச் சோத்துல எந்திரிச்சுடறேன்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். எங்க இறக்கறதுன்னு கேட்டீங்க.

உப்புப்பள்ளம்தான் நல்ல துறை. ஆழமான மடுவு, சுழல் கெடையாது, மூணு நாளைக்கு மனுஷ வாடையே இருக்காது. உங்க மேப்புல அந்தச் செவப்பு வட்டத்தை அடிச்சுடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க, அங்க மணல் மேடு தட்டிப்போச்சு. எல்லப்பனைப் பாக்கணும்னு அவசியமே இல்ல. நாளைக்கு விடிஞ்சதும் செக்போஸ்ட்டுக்கு வந்துடறேன். முன்னாடி நடந்து குச்சி தட்டறது என் பொறுப்பு, நீங்க கவலையே படாதீங்க.

படகைத் தலையில தூக்கறதுக்கு மட்டும் ஆள் நீங்களே பாத்துக் கூட்டிட்டு வந்துடுங்க சார். இங்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான்.